இரண்டு வீட்டுக்கும் பாடம்

எம். புதுப்பட்டியில் இருக்கும் என் தங்கையின் மகள், அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் ஓராண்டு தங்கிப் படிக்கப் புறப்பட்டாள். அதற்கு முன்னால் ஒரு கட்டாய வகுப்பு, பெற்றோரும் வரவேண்டுமாம். துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன். சாப்பாடு, வீட்டு வேலை, உடம்புக்கு முடியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று விஸ்தாரமாகச் சொன்னார்கள். தங்கை என் காதோடு கேட்டாள்:

"ஏண்ணே, நம்ம புள்ளைக்கு மட்டுந்தான் பாடமா? அந்த வீட்டுக்காரங்களுக்குக் கெடையாதா?"

உண்டு. மாணவரை ஏற்கும் குடும்பத்துக்கும் பயிற்சி தரவேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. வீட்டையும் நேரில் வந்து பார்ப்பார்கள்.

இந்த வழக்கத்தின் வேர் ஒன்று போர்க்களத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களைச் சுமந்த தொண்டர் படைதான் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் போரிலும் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அதன் பிறகு, அந்நிய தேசத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பழகினாலாவது புத்தி வராதா என்று எண்ணினார்கள் போலும்! 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கா வந்தார்கள்.

நம் சிவகாசியிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போன அய்ய நாடாருக்கும் சண்முக நாடாருக்கும் இப்படி வகுப்பு ஏது!

எல்லாம் கேட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்: "அப்போ, இவளுக்குப் பசி தாங்காதுன்னு அவங்ககிட்டயும் சொல்லச் சொல்லுங்கண்ணே."