யென்னி ஹீரிகோஸ்கி: இரு நாடுகளின் ஆதிக்கத்தை அசைத்த பின்லாந்து கேப்டன்

மகளிர் ஐஸ் ஹாக்கி உலகில் தலைசிறந்த தடுப்பாட்ட வீராங்கனைகளுள் ஒருவராகக் கருதப்படுபவர் பின்லாந்தின் யென்னி ஹீரிகோஸ்கி. அமெரிக்காவும் கனடாவும் மட்டுமே பங்கிட்டுக் கொண்டிருந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு 2019-ஆம் ஆண்டில் முதன்முறையாக மூன்றாவதாக ஒரு நாடு நுழைந்தபோது, அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் இவர். உலக சாம்பியன்ஷிப் தொடர்களில் ஏழு முறை சிறந்த தடுப்பாட்ட வீராங்கனை விருதை வென்றுள்ளார்.

தொடக்கம்

1987-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் தேதி, தெற்கு பின்லாந்தில் தாம்பரே நகருக்கு அருகேயுள்ள லெம்பாலாவில் ஹீரிகோஸ்கி பிறந்தார். தாம்பரேயின் இல்வெஸ், அதன் பின்னர் யுவாஸ்குலாவின் ஜேஒய்பி ஆகிய அணிகளுக்காக உள்நாட்டு லீக் போட்டிகளில் விளையாடினார். 2016-ஆம் ஆண்டில் ஸ்வீடனின் லூலியோ அணியில் இணைந்தார்.

ஸ்வீடனின் வடபகுதியில், பின்லாந்து எல்லைக்கு அதிகத் தொலைவில் இல்லாத துறைமுக நகரம் லூலியோ. மிஷெல் கார்வினென், பெத்ரா நியெமினென், நூரா துலுஸ், ரோன்யா சவோலைனென் எனப் பின்லாந்து தேசிய அணியினர் பலரும் அந்த அணிக்காக ஆடியுள்ளனர். ஹீரிகோஸ்கி இணைந்த பிறகு 2018, 2019, 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் லூலியோ அணி ஸ்வீடன் லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. 2020-ஆம் ஆண்டு போட்டித் தொடர் கரோனா பரவலால் பாதியில் கைவிடப்பட்டது.

தடுப்பாட்டத்தின் நுணுக்கம்

ஐஸ் ஹாக்கியில் ஒவ்வோர் அணியிலும் ஒரு கோல் கீப்பருடன் ஐந்து பேர் களத்தில் இருப்பர். அவர்களில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். ஆடவர் போட்டிகளைப் போல எதிரணியினரை உடலால் மோதித் தள்ளித் தடுக்க மகளிர் உலகப் போட்டிகளில் அனுமதி இல்லை. எனவே, சறுக்கும் வேகம், எதிரணி வீராங்கனையிடமிருந்து காக்கும் இடைவெளி, மட்டையை நீட்டும் கோணம் ஆகியவற்றைக் கொண்டே எதிரணியின் தாக்குதலை முறியடிக்க வேண்டும். பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கைப்பற்றிய மறுகணமே அதைச் சரியான இடத்துக்கு அனுப்பித் தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் இவர்களது பணியே.

இந்த இரு பணிகளிலும் ஒருசேரத் திறன் பெற்றிருப்பதே ஹீரிகோஸ்கியின் சிறப்பு. தன் பகுதியைக் காப்பதோடு, முன்னேறிச் சென்று கோல் வாய்ப்புகளை உருவாக்குபவராகவும் அவர் விளங்குகிறார். கோல் கணக்கில் மட்டும் தேடுபவர்களுக்கு இந்த ஆட்டத்தின் முழு மதிப்பு புலப்படாது.

ஒலிம்பிக் பதக்கங்கள்

2010-ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பின்லாந்து கூடுதல் நேரத்தில் ஸ்வீடனை 3-2 என வென்றது. ஹீரிகோஸ்கிக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்த அணியின் கேப்டனாக இருந்தவரும் ஒரு தடுப்பாட்ட வீராங்கனையே. எம்மா லாக்ஸோனென் என்ற பெயரில் ஆடிய அவர், பின்னாளில் எம்மா தெர்ஹோ என்ற பெயரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் விளையாட்டு வீரர்கள் ஆணையத்துக்குத் தலைவரானார்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் பின்லாந்து காலிறுதியில் ஸ்வீடனிடம் தோற்று ஐந்தாம் இடத்தையே பெற்றது. அணிக்குப் பதக்கம் கிடைக்காத அந்தத் தொடரிலும், சிறந்த தடுப்பாட்ட வீராங்கனையாக ஹீரிகோஸ்கி தேர்வு செய்யப்பட்டார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ரஷிய வீராங்கனைகளைக் கொண்ட அணியை 3-2 எனவும், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்விட்சர்லாந்தை 4-0 எனவும் வீழ்த்தி பின்லாந்து மீண்டும் வெண்கலம் வென்றது. இவ்விரு முறையும் அணியின் கேப்டன் ஹீரிகோஸ்கி.

எஸ்போவில் நழுவிய தங்கம்

மகளிர் உலக சாம்பியன்ஷிப் 1990-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2019 வரை அதன் எல்லா இறுதி ஆட்டங்களிலும் மோதியவை அமெரிக்காவும் கனடாவும்தான். 2017-இல் லீக் சுற்றில் கனடாவை 4-3 எனத் தோற்கடித்து பின்லாந்து முதல் அதிர்ச்சியை அளித்தது. ஈராண்டுகளுக்குப் பின் சொந்த மண்ணான எஸ்போ நகரில், அரையிறுதியில் அதே கனடாவை 4-2 என வென்று இறுதிக்கு முன்னேறியது.

2019 ஏப்ரல் 14 அன்று நடந்த அமெரிக்காவுடனான இறுதி ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அப்போது பெத்ரா நியெமினென் பக்கை வலைக்குள் செலுத்த, பின்லாந்து வீராங்கனைகள் உலக சாம்பியன்களாகவே கொண்டாடத் தொடங்கினர். ஆனால் கோலுக்குச் சற்று முன்பு, தனது எல்லைப் பகுதியை விட்டு வெளியே வந்த அமெரிக்க கோல் கீப்பர் அலெக்ஸ் ரிக்ஸ்பியும் ஹீரிகோஸ்கியும் மோதியிருந்தனர். நீண்ட விடியோ ஆய்வுக்குப் பின், கோல் கீப்பருக்கு இடையூறு ஏற்பட்டதாகக் கூறி அந்த கோல் ரத்து செய்யப்பட்டது. அதே மோதலில் எதிராளியை இடறி விழச் செய்ததற்காக ரிக்ஸ்பிக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரே நிகழ்வில் இரு தரப்பும் தவறு செய்ததாகத் தீர்ப்பளித்த இந்த முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இறுதியில் ஷூட் அவுட் முறையில் அமெரிக்கா பட்டம் வென்றது.

பின்லாந்துக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தொடரின் சிறந்த தடுப்பாட்ட வீராங்கனை, மிகவும் மதிப்புமிக்க வீராங்கனை ஆகிய இரு விருதுகளும் ஹீரிகோஸ்கிக்கு வழங்கப்பட்டன. கோல் அடிப்போர் மீதே பெரும்பாலும் கவனம் குவியும் ஆட்டத்தில், தடுப்பாட்டத்துக்குக் கிடைத்த பெரும் அங்கீகாரமாக அது அமைந்தது.

சரிவும் மீட்சியும்

அந்த வெற்றியைப் பின்லாந்தால் எளிதில் தொடர முடியவில்லை. 2021-இல் வெண்கலம் வென்ற அணி, 2022 உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாம் இடத்துக்குச் சரிந்தது. இதனால் 2023-இல் முன்னணி அணிகளுக்கான பிரிவில் இடம் பெறாமல், இரண்டாம் நிலைப் பிரிவில் ஆட நேர்ந்தது. 2024-இல் அமெரிக்காவின் யூட்டிகா நகரில் நடைபெற்ற தொடரில் செக் குடியரசை ஷூட் அவுட்டில் வீழ்த்தி மீண்டும் வெண்கலம் பெற்றது. அப்போது ஹீரிகோஸ்கிக்கு வயது 37.

2024 தொடக்கத்தில் வட அமெரிக்காவில் மகளிருக்கான புதிய தொழில்முறை லீக் உருவாகி, ஐரோப்பிய வீராங்கனைகள் பலர் அங்கு சென்றனர். ஹீரிகோஸ்கியின் சாதனைகளோ பெரும்பாலும் பின்லாந்து, ஸ்வீடன் அரங்குகளில் ஆடிக்கொண்டே எட்டப்பட்டவை. வட அமெரிக்காவுக்கு வெளியே உருவான ஓர் அணியும் உலகப் பட்டத்தின் விளிம்பு வரை செல்ல முடியும் என்பதை அவரது தலைமுறை நிரூபித்துள்ளது குறிப்பிடத்தக்கது.