ரியோவில் உதித்த லுவா



எலவனாசூர்கோட்டையில் பஸ் ஏறி வந்து படிக்கும் நம் பசங்களுக்கு, கம்ப்யூட்டர் மொழி என்றாலே அமெரிக்கச் சரக்கு என்ற நினைப்பு உண்டு. அப்படி வராத ஒரு மொழியின் கதையை இந்த மலரில் சொல்லலாம் என்று தோன்றியது. பெயர் லுவா. பிறந்த ஊர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ.

1977 முதல் 1992 வரை பிரேசிலில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் கடுமையான கட்டுப்பாடு. (நம் நாட்டை விட்டு ஐ.பி.எம். மூட்டை கட்டியதும் 1978-ல்தான்!) வேண்டுமென்றால் நீயே செய்துகொள் என்கிற நிலைமை. ரியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1987-ல் தொடங்கிய 'டெக்கிராஃப்' என்ற குழு, பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது. டேட்டா என்ட்ரிக்கு 'டெல்' என்றொரு குட்டி மொழி, பாறை அடுக்கு ரிப்போர்ட்டுகளுக்கு 'சோல்' என்று இன்னொன்று. பயன்படுத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? 'நிபந்தனை போட வழி வேண்டும், லூப் வேண்டும்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ரொபெர்ட்டோ இயெருசாலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் 1993-ல் கூடிப் பேசி, இரண்டுக்கும் பதிலாக ஒரே மொழி செய்தார்கள். போர்த்துகீசிய மொழியில் 'சோல்' என்றால் சூரியன். அதனால் ஒரு நண்பர் 'லுவா', அதாவது நிலா, என்று பெயர் சொன்னார்.

பயன்படுத்தப் போகிறவர்கள் புரோகிராமர்கள் அல்ல, இன்ஜினியர்களும் புவியியலாளர்களும். அதனால் எழுத்து எளிமையாக இருக்க வேண்டியிருந்தது. பெட்ரோபிராஸில் விதவிதமான மெஷின்கள். அதனால் எங்கும் ஓடும் சுத்தமான சி மொழியில் எழுத வேண்டியிருந்தது. லுவாவின் பலமெல்லாம் இந்த நெருக்கடியில் வந்ததுதான் என்பேன். பட்டியல், பதிவேடு எல்லாவற்றுக்கும் 'டேபிள்' ஒன்றே. எண்ணிக்கையும் பூஜ்யத்தில் அல்ல, நம்மைப் போல ஒன்றில் தொடங்கும்!

'உள்ளே பொதியும் மொழி' என்கிறார்களே, அது என்ன? நம்ம ஊர் டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சி-யில் எழுதிய பெரிய புரோகிராம் டிராக்டர். லுவா ஸ்கிரிப்ட் பின்னால் மாட்டும் கலப்பை. இன்ஜினைப் பிரிக்காமலே கலப்பையைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். அதுபோல, பெரிய புரோகிராமை மறுபடி கம்பைல் செய்யாமலே அதன் வேலையை மாற்றலாம்.

1996-ல் 'டாக்டர் டாப்ஸ்' பத்திரிகையில் இதைப் பற்றிக் கட்டுரை வந்ததும் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1998-ல் 'கிரிம் ஃபண்டாங்கோ', 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்று கம்ப்யூட்டர் கேம்களுக்குள் நுழைந்தது. 2013-ல் விக்கிப்பீடியாவுக்கும் வந்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவின் பல பக்கங்களில் ஓரமாகத் தெரியும் தகவல் பெட்டிக்குப் பின்னால் ஓடுவதும் லுவாதான்.

ஜூனியர்களுக்கு ஒரு விஷயம். லுவா இலவசம். 5.4 பதிப்பின் மூலநிரல் முழுவதும் சுமார் 30,000 வரிகள்தான், அத்தனையும் சி. சி மொழி தெரிந்தவர்கள் ஒரு செமஸ்டர் லீவில் உட்கார்ந்து படித்துவிடலாம். 'டேபிள்' எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.