ஊட்ஸ் எனப்பட்ட உருக்கு

கத்திக்கு வேண்டிய குணங்கள் இரண்டு: கடினம் ஒன்று, முறியாமை மற்றொன்று. இவை எளிதில் ஒத்துவாழ்வன அல்ல. இரும்பில் கரி ஏற ஏற, விளிம்பு நெடுநாள் கூர் மழுங்காது. ஆயின் ஓங்கி அடித்தால் உடையும்.

1794ஆம் ஆண்டு, பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இலண்டன் அரச கழகத் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு இந்திய எஃகுக் கட்டிகளை அனுப்பினார். ஆங்கிலேயர் அதனை ‘ஊட்ஸ்’ என்றெழுதினர். கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு உறவுடைய சொல்லின் திரிபே அது என்பர். உருக்கு ஊட்ஸ் ஆனது ஆங்கில நாவின் திருவிளையாடல் போலும்!

அதில் பேனாக்கத்தி செய்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தித் தொழிலாளர். பல்லாண்டு ஒப்பிட்டுப் பார்த்தபின், ஐரோப்பிய எஃகினும் இதுவே சிறந்தது எனத் தம் வணிகச் சீட்டிலும் அச்சிட்டார். 1819இல் இதனைப் பகுத்தாய்ந்த மைக்கேல் பாரடே, சிறிதளவு கலந்திருந்த அலுமினாவே சிறப்புக்குக் காரணம் எனக் கருதினார். அது பிழை. நூற்றுக்கு ஏறத்தாழ 1.5 பங்கு கரியே முதற் காரணம்.

ஆனால், ஐரோப்பியக் கொல்லர் பலர் கையில் இவ்வெஃகு சம்மட்டிக்கடியில் பொடிந்தது. தம் வழக்கப்படி அவர்கள் வெண்சூடு ஏற்றினர். கரி மிகுந்த எஃகோ அச்சூட்டில் உள்ளே உருகத் தொடங்கிவிடும். கீழ்நாட்டுக் கொல்லர் செஞ்சூட்டோடு நிறுத்தி, மீண்டும் மீண்டும் காய்ச்சி, மெல்லத் தட்டினர். வெப்பமானி அவர்களிடம் இல்லை. இரும்பின் நிறமே அளவுகோல்.