கதிரும் தக்கிளியும்

தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயா ஒருவரிடம் நூற்கக் கற்றுக்கொண்டேன். சாண் நீளக் கம்பி, முனையில் கொக்கி, கீழே கோத்த பித்தளை வில்லை. கருவி இவ்வளவுதான். அடிமுனையைக் கொட்டாங்கச்சிக்குள் ஊன்றி விரலால் சுண்டிவிட்டால் சுழலும். நாட்டுப் பருத்தியின் இழை குட்டை. கருவியை அந்தரத்தில் தொங்கவிட்டால் அதன் எடையே நூலை அறுத்துவிடும். அதனால்தான் அந்தக் கொட்டாங்கச்சி.

இரண்டு கையாலும் பஞ்சை மெல்லியதாகப் பிரித்துவிட்டுப் பிறகு முறுக்குவதுதான் எனக்குத் தெரிந்த முறை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. "இழுத்துட்டு முறுக்காத கண்ணு. முறுக்கு ஏற ஏற இழு" என்றார் ஆயா. இடக்கையில் பஞ்சுப் பட்டையைப் பிடித்து மெல்ல மேலே தூக்கினேன். முறுக்கு மெலிந்த இடத்தில் முதலில் ஏறி அதை இறுக்கியது. தடித்த இடம் இளகி நின்றதால் இழுத்த இழுப்புக்கு இணங்கி மெலிந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரே சீராக நூல் வந்தபோது வாய்விட்டுக் கூவிவிட்டேன்.

அந்தக் கருவிக்கு ஆயா சொன்ன பெயர் தக்கிளி. பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்பில் பழகிய சொல். அவர் தலைமுறையில் பலருக்கும் அது அப்படித்தான் அறிமுகம்.

முறுக்குதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது வடமொழியின் 'தர்க்கு'. நூற்கும் கருவியை அது குறித்தது. இந்தியில் தகுவா, தக்லி என்று உருமாறி, காந்தியின் கதர் இயக்கத்தோடு தெற்கே வந்தது. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அப்போது அந்த ஊரும் தருமபுரியும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1937இன் வார்தா கல்வித் திட்டம் நூற்பை வகுப்பறைக்குள் கொண்டுபோக, தக்கிளி பிள்ளைகளின் சொல்லாயிற்று.

அதற்கு முன் நம்மிடம் கருவிக்குப் பெயரில்லாமலா நூற்றோம்? பெயர் இருந்தது: கதிர். தமிழ்ப் பேரகராதி ஒளிக்கும் நெற்கதிருக்கும் பக்கத்திலேயே நூற்கும் கருவி என்ற பொருளையும் தருகிறது. கன்னடத்தில் அது கதிரு, தெலுங்கில் கதுரு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கும் தருமபுரிச் சீமையில் இது ஏட்டுச் செய்தியாக எனக்குப் படவில்லை. மூன்று மொழிக்காரர்களும் ஒரே கருவியை ஏறக்குறைய ஒரே சொல்லால் கேட்டு வாங்கியிருக்க முடியும்.

கதிரைப் போலவே நூலுக்கும் ஒன்றுக்கு மேல் பொருள்: இழையும்தான், புத்தகமும்தான். பனுவலும் அப்படியே. நற்றிணை 353இல் கபிலர், ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பனுவலை மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறார். உவமையின் அழகை விட அந்தப் பெண்கள்தாம் என் மனத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நூற்பது பொழுதுபோக்கில்லை, பிழைப்பு.

பின்னால் வந்த பவணந்தியார் நன்னூலில் இந்தத் தொழில் முழுவதையுமே உவமையாக விரிக்கிறார். சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் மதி கதிர். கதிரை மதியாக்கிய இடத்தை நான் பலமுறை படித்திருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்து நூற்றபோதுதான் அது விளங்கியது. பஞ்சும் கையும் ஆயத்தமாக இருந்தாலும், கதிர் நின்ற கணமே வேலை நின்றுவிடுகிறது.

தக்கிளி என்ற சொல்மீது எனக்குக் கோபமில்லை. எத்தனையோ பிள்ளைகளின் விரலுக்கு நூற்கக் கற்றுக்கொடுத்த சொல் அது. ஆனால் கீழடியில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய வட்டுகளையும் இன்று அதே சொல்லால், தக்களி என்றே எழுதுகிறோம். அங்கே மண்ணில் மிஞ்சியது கனத்துக்காகக் கோத்த வட்டு மட்டுமே. அதில் செருகிய கோல் மட்கிப்போய்விட்டது. மட்கிய அந்தக் கோலின் பெயர் அறுபடாமல் நம் மொழியிலேயே இருக்கும்போது, அருங்காட்சியகப் பலகையில் 'கதிர் வட்டு' என்று எழுதினால் படிப்பவருக்குக் கருவி முழுதாகத் தெரியும். இப்படி எழுத வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

ஆயாவிடம் கதிர் என்றால் என்ன என்று கேட்டேன். எதிரே இருந்த கேழ்வரகுக் கொல்லையைக் கைகாட்டினார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா ராட்டையில மாட்டுற கம்பிய கதிருன்னுதான் சொல்லும். கதிரு கோணுனா நூலு ஓடாதுன்னு வையும்" என்றார். கையிலிருந்த தக்கிளியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். நடுவில் பருத்து, மேலே கூம்பி, நூல் நிறைந்து அது ஒரு கம்பங்கதிர் போலவே இருந்தது.