கருங்கல் மண்ணான கதை

உலு திராம் மலைகளில் வெடிவைத்து உடைக்கப்படும் கிரானைட்டுக் கருங்கல்லும், அவ்வட்டாரத் தோட்டங்களின் செம்மண்ணும் ஒரே பாறையின் இரு நிலைகளே. புதுக்கல்லில் துளைகள் 100-க்கு 1 பங்கும் இரா. மயிரிழை வெடிப்புகளில் மழைநீர் புகப் புகப் பெல்ஸ்பார் வெண்களிமண்ணாகும். வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடும். முற்றச் சிதைந்த பாறையில் துளை 30 பங்கையும் கடப்பதுண்டு. ஜொகூரில் இவ்வாறு பிறந்த மண்ணுக்கே ‘ரெங்கம்’ என்னும் ஊர்ப்பெயர் வழங்குகின்றது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மண்ணில் ரப்பர் பரவியது. புல்பூண்டற்ற தரையே நல்ல தோட்டத்துக்கு இலக்கணம் என்று துரைமார் எண்ணினர். தமிழ்த் தொழிலாளர் ஓயாது களை கொத்தினர். விளைந்ததோ வேறு! திறந்து கிடந்த மண்ணை மழைத்துளி அறைந்து மேல்துளைகளை அடைத்தது. ஊறவேண்டிய நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. பின்னரே, முன்பு கொத்தி எறியப்பட்டவை போன்ற கொடிகளை, மண்ணை மூடுவதற்கென்றே விதைக்கலாயினர்.