வெயிலை மருந்தாக்கிய ஊர், வெயிலை அளந்த ஊர்

சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிறுத்தத்தின் பெயர். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது. நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவை காசநோயைக் குணமாக்கும் என்ற நம்பிக்கையில் உலகெங்கும் இப்படி மருத்துவமனைகள் எழுந்தன. அந்த நம்பிக்கைக்கு முகவரியாக இருந்த ஊர்களில் முக்கியமானது சுவிட்சர்லாந்தின் டாவோஸ். இன்று உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தால் அறியப்படும் அந்த மலையூருக்கு, நாம் முகத்தில் பூசும் சன்ஸ்கிரீனின் வரலாற்றிலும் பெரிய பங்கு உண்டு.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டாவோஸ். அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1853இல் அங்கே வேலைக்கு வந்தார். 1849ஆம் ஆண்டுப் புரட்சியில் கலந்துகொண்டு நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். உள்ளூர்க்காரர்களிடம் காசநோய் அரிதாக இருப்பதைக் கவனித்தார். 1865 பிப்ரவரியில், கொட்டும் பனிக்காலத்தில், ஹியூகோ ரிஷ்டர், ஃபிரிட்ரிஷ் உங்கர் என்ற இரண்டு நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். இருவரின் உடல்நிலையும் தேறியது. செய்தி பரவியது. டச்சுக்காரரான ஹோல்ஸ்போயர் விடுதி கட்டினார். 1890இல் ரயிலையும் ஊருக்குள் கொண்டுவந்தார். சானடோரியங்கள் வரிசையாக எழுந்தன. தெற்கு பார்த்த பால்கனிகளில் சாய்வு நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி, நோயாளிகள் மணிக்கணக்காகப் படுத்திருந்தார்கள்.

ஆனால் அதே வெயில் தோலைச் சுட்டது. குளிர் உறைக்கும் நாளில்கூட முகம் சிவந்து உரிந்தது. வெயில் என்றாலே சூடு என்று பழகியவர்களுக்கு இது புதிராக இருந்திருக்கும். பனிமலை ஏறுகிறவர்களோ இதை அதற்கு வெகு முன்பே அறிவார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆல்ப்ஸில் முகத்துக்குக் கறுப்பு வலைத்துணி கட்டிக்கொண்டு ஏறினார்கள். டாவோஸிலும் பனிச்சறுக்கு மெல்லப் பரவியது. மனைவியின் காசநோய் சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில், 1894 மார்ச்சில் உள்ளூர்க்காரர்களான பிராங்கர் சகோதரர்களுடன் மலையைத் தாண்டி அரோசாவுக்குச் சறுக்கிச் சென்று, அந்த அனுபவத்தைப் பத்திரிகையில் எழுதினார். நோயாளிகளின் ஊருக்கு விளையாட்டுக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். வெயிலில் நிற்கும் முகங்கள் பெருகின.

வெயிலில் மருந்து எது, சுடுவது எது? இதை அளக்கத் துணிந்தவர் மருத்துவர் அல்லர். கார்ல் டோர்னோ, கோனிக்ஸ்பெர்க் நகரத்துத் தொழிலதிபர். மகளுக்குக் காசநோய் என்பதால் 1904இல் டாவோஸுக்கு வந்தார். 1907இல் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைப் பிடிக்க அவர் கையாண்ட கருவிகளில் ஒன்று காட்மியம் ஒளிமின்கலம். புற ஊதாக் கதிர் பட்டால் காட்மியத் தகட்டிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். அந்த மெல்லிய மின்னோட்டத்தை அளந்தால் கதிரின் வலு தெரியும். காலை, நண்பகல், மாலை, கோடை, குளிர்காலம் என்று விடாமல் அளந்து குறித்தார்.

அந்த அளவுகள் சொன்ன செய்தி எளிமையானது, ஆனால் பெரியது. டாவோஸில் சூரியனின் வெப்பம் ஆண்டு முழுவதும் அவ்வளவாக மாறுவதில்லை. புற ஊதாவோ சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பல மடங்கு ஏறி இறங்குகிறது. எனவே உடம்புக்குச் சூடு தெரிகிறதா என்று பார்த்துத் தோலுக்கு வரும் ஆபத்தைக் கணிக்க முடியாது. தோலைச் சிவக்க வைக்கும் அந்தக் குறுகிய கதிர்ப்பட்டை பல காலம் 'டோர்னோ கதிர்' என்றே அழைக்கப்பட்டது. இன்று சன்ஸ்கிரீன் டப்பாவில் நாம் படிக்கும் யுவிபி ஏறத்தாழ அதுதான். உயரம் கூடக்கூட, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி தன்மேல் விழுவதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. அதனால் மலையில் வெயில் கீழிருந்தும் அடிக்கிறது.

இனி பூச்சுகளுக்கு வருவோம். ஹாம்பர்க் தோல் மருத்துவர் பவுல் உன்னா, 1911 வாக்கில் ஹார்ஸ் செஸ்நட் மரத்துச் சாற்றிலிருந்து எடுத்த பொருளை வெயில் காப்புப் பூச்சாக்கினார். தாவரத்திலிருந்து வந்த சன்ஸ்கிரீன் நூறு ஆண்டுக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அடுத்த பெரிய அடி டாவோஸுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சுவிஸ்–ஆஸ்திரிய எல்லையில் பிட்ஸ் புயின் சிகரம் நிற்கிறது. உயரம் 3,312 மீட்டர். டாவோஸிலிருந்து நேர்கோட்டில் 25 கிலோமீட்டருக்கும் குறைவு. 1938இல் அதில் ஏறியபோது வெயிலில் வெந்துபோனார் ஃபிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய வேதியியல் மாணவர் என்று சொல்வார்கள். 1946இல் 'பனிப்பாறைக் கிரீம்' ஒன்றை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் நிறுவனத்துக்கும் அந்தச் சிகரத்தின் பெயர்தான். ருடால்ஃப் ஷுல்ட்சே 1956இல் முன்வைத்த அளவீட்டு முறையை வளர்த்தெடுத்து, எஸ்பிஎஃப் என்ற எண்ணை 1970களில் பரவலாக்கியவரும் கிரைட்டரே.

எஸ்பிஎஃப் வந்ததும் பேச்சு எண்ணுக்கு மாறியது. 15 என்றால் சுடும் கதிரில் சுமார் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. இந்த எண்ணெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தவை. நாம் வழக்கமாகப் பூசுவது அதில் பாதிகூட இருப்பதில்லை. மெல்லத் தடவினால் டப்பாவில் உள்ள எண் நம் முகத்தில் இருக்காது.

'இயற்கையானது' என்ற சொல்லையும் இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய், கற்றாழை, சந்தனம், மஞ்சள் எல்லாம் நம் வீட்டில் தோலுக்கு நெருக்கமானவை. ஆனால் வெளியே நாள் முழுக்க நிற்பவருக்கு அவை மட்டும் காப்பாகாது. நம்பத்தக்க இயற்கைத் துணை கனிமங்களில் இருக்கிறது: துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு. வேர்க்குருவுக்கும் அம்மைக் கொப்புளத்துக்கும் நம் வீடுகளில் தடவும் இளஞ்சிவப்புக் காலமைன் லோஷனில் இருப்பதும் துத்தநாக ஆக்சைடுதான். அந்த நிறம் இரும்பு ஆக்சைடால் வருகிறது. காலமைனையே சன்ஸ்கிரீனாகப் பூசக்கூடாது, அது அதற்காகச் சோதிக்கப்பட்டதல்ல. ஆனால் அந்த நிறத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மங்கு விழும் மாநிறத் தோலுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பகை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள கனிமப் பூச்சு அதையும் ஓரளவு தடுக்கும்.

கனிமப் பூச்சுகள் பாதுகாப்பானவை என்பதற்கு அடிப்படை இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் சன்ஸ்கிரீன் விதிகளை முன்மொழிந்தபோது, பாதுகாப்பும் பயனும் ஏற்கத்தக்கவை என்று சொன்னது இந்த இரண்டையும் மட்டுமே. மற்ற பலவற்றுக்குக் கூடுதல் தரவு கேட்டது. பவளப்பாறைகளைக் கருதி ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த பூச்சுகளின் விற்பனைக்கு ஹவாய் விதித்த தடை 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதேநேரம் கனிமப் பொடியை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. ஸ்பிரேயைவிட கிரீமே மேல்.

டாவோஸில் சறுக்கப் போகிறவருக்கும், சுவிஸ் விடுதிகளில் வேலை பார்த்து ஓய்வுநாளில் பிள்ளைகளைப் பனிக்கு அழைத்துப்போகும் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கும் டோர்னோவின் கணக்கு நேரடியாகப் பயன்படும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், வட்டத்துக்குள் 'யுவிஏ' குறி (புற ஊதாவின் இன்னொரு பட்டைக்கும் காப்பு உண்டு என்பதன் அடையாளம்). முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குக் கிரீம். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூச்சு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் உடனே. தாடையின் அடிப்பகுதி, மூக்கின் அடி, காதுமடல் ஆகியவற்றையும் விடக்கூடாது, பனி கீழிருந்து ஒளியை அனுப்புவதால். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும் போதும்.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தபின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் சானடோரியத்துக்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது.  டோர்னோவின் ஆய்வகம் மட்டும் மூடப்படவில்லை. 1971முதல் அது உலகக் கதிர்வீச்சு மையம். பல நாடுகளின் புற ஊதா அளவிகள் இன்றும் டாவோஸின் கருவிகளோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்கப்படுகின்றன.