நீரில் இறந்தவர்களும் நீருக்குப் பயந்தவர்களும்: ஜனாஸாவைச் சுற்றிய ஓர் அச்சத்தின் வரலாறு

ஷஹீதுகள் ஐவகையினர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிவோம். கொள்ளைநோயில் மாண்டவர், வயிற்று நோயில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், இடிபாட்டில் சிக்கியவர், அல்லாஹ்வின் பாதையில் உயிர்நீத்தவர். இப்பட்டியலைப் பலமுறை கேட்டிருந்தும் ஒரு செய்தியை நாம் ஊன்றிக் கவனிப்பதில்லை. ஐவரில் நால்வர் போர்க்களத்தையே காணாதவர்கள். நோயும் நீரும் நிலமும் அவர்களைக் கொண்டு சென்றன.

அந்த நால்வருக்கும் மறுமையில் ஷஹீதின் கூலி உண்டு. ஆயினும் போர்க்கள ஷஹீதைப் போல அவர்களைக் குளிப்பாட்டாமல் அடக்குவதில்லை. குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுவித்தல், நல்லடக்கம் ஆகிய நான்கும் உயிரோடிருப்போர் மீது ஃபர்ளு கிஃபாயாவாக நிற்கின்றன. ஒரு மையித்துக்கு இது எளிது. ஒரே காலைப்பொழுதில் ஓர் ஊரின் பாதி மையித்தாகிவிட்டால் என்ன செய்வது? இறந்தோரால் நோய் பரவும், உடனே குழியில் தள்ளுங்கள் என்று ஒருவர் கூவினால் அதற்கு என்ன மறுமொழி?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவின் மேற்குக் கடலடியில் நேர்ந்த பூகம்பத்தின் அலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்கள் அக்கரையில் உள்ளன. கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. இலங்கை முழுவதும் இறந்தும் காணாமலும் போனோர் 35,000க்கும் மேல். அவர்களில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டம் ஒன்றையே சேர்ந்தவர்கள். தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டம் பேரிழப்பைச் சுமந்தது. அங்கே நாகூர் தர்கா நிர்வாகம் மத வேறுபாடு பாராமல் இறந்தோரை அடக்க இடமளித்ததை இன்றும் பலர் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

அந்நாள்களில் எங்கும் ஒரே பேச்சு: பிணங்களால் கொள்ளைநோய் வரப்போகிறது. செய்தி ஏடுகள் எழுதின, தொலைக்காட்சிகள் கூறின, அதிகாரிகள் நம்பினர். முகம் பார்க்கவும் பெயர் எழுதவும் படமெடுக்கவும் பொழுதின்றி மனிதர்கள் பெருங்குழிகளில் இறக்கப்பட்டனர். அச்சேவின் தலைநகரான பந்தா அச்சேயை அடுத்துள்ள ஒரே அடக்கத்தலத்தில் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் அடக்கப்பட்டுள்ளனர். அவர்களில் எவர் எங்கே உறங்குகிறார் என்று சொல்ல ஆளில்லை. அழுகும் உடல்கள், வெப்பம், ஆள் பற்றாக்குறை ஆகியவற்றுக்கு நடுவே உழைத்தவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் செய்தது பெரும்பணி. அவர்களை விரட்டிய அச்சம் மெய்யானதா என்பதே நம் கேள்வி.

அந்த அச்சம் மிகப் பழையது. துர்நாற்றமே நோய் என்று ஐரோப்பிய மருத்துவம் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனின் இடுகாடுகள் மூடப்பட்டதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். 1854இல் அதே லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், காலரா காற்றில் வருவதன்று, ஒரு தெருக்குழாயின் நீரில் வருகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டினார். முப்பதாண்டுகளுக்குப் பின், 1884இல், ராபர்ட் கோக் கல்கத்தாவின் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். நாற்றக் கொள்கை மருத்துவ நூல்களிலிருந்து மறைந்தது. மக்கள் மனத்திலிருந்து மறையவில்லை.

பூகம்பத்திலும் கடல்கோளிலும் இறப்போர் பெரும்பாலும் காயத்தாலோ மூழ்கியோ இறக்கின்றனர், தொற்றுநோயால் அன்று. ஒருவர் உடலில் இல்லாத நோய், இறந்தபின் அதில் பிறப்பதில்லை. இருக்கும் கிருமிகளிலும் பெரும்பாலானவை உடல் குளிர்ந்தபின் நீண்ட நேரம் வாழ்வதில்லை. காலராவிலோ எபோலாவிலோ இறந்தவரின் உடல் வேறு வகை. அதற்குத் தனிக் கட்டுப்பாடு தேவை. உடல்களைத் தூக்குவோர் கையுறை அணிவதும் கை கழுவுவதும் எப்போதும் அவசியம். குடிநீரில் உடல் கிடந்தால் அந்நீரைப் பருகலாகாது. இவ்வளவே. 2004இல் ஆய்வாளர் ஆலிவர் மோர்கன் முந்தைய பேரிடர்களின் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து இதே முடிவுக்கு வந்திருந்தார். கடல்கோளுக்குச் சில மாதங்கள் முன்னரே வெளிவந்த ஆய்வு அது. ஆயினும் அச்சம் ஆய்வை முந்திவிட்டது.

சரி, உயிர் பிழைத்தோரை வருத்தியது எது? முதலில், விழுங்கிய நீர். சேறும் உப்பும் நுரையீரலில் புகுந்து கடும் நிமோனியாவை உண்டாக்கின. அடுத்து, தகரமும் ஆணியும் கிழித்த காயங்கள். அச்சேவில் 106 பேருக்கு இரணஜன்னி கண்டது. அவர்களுள் 20 பேர் இறந்தனர். தடுப்பூசி ஒன்றால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் அவை. முகாம்களில் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பரவும் என்ற கவலையும் நியாயமானதே. தடுப்பூசியும் குளோரின் கலந்த நீரும் விரைந்து வந்தமையால், அஞ்சிய அளவுக்குக் கொள்ளைநோய் எங்கும் எழவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கிழக்குக் கரையில் நீண்டநாள் நிலைத்த துன்பம் கிணறுகளில் இருந்தது. இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும், ஏனெனில் நம் கடலோர ஊர்கள் பலவற்றின் நிலையும் இதுவே. மணல் நிலத்தடியில் மழைநீர் ஒரு மெல்லிய வில்லையைப் போல உப்புநீரின் மீது மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உப்புநீர் கனமானது, அவ்வளவுதான் இரகசியம். சில மீட்டர் ஆழமே உள்ள வீட்டுக் கிணறு அந்த வில்லையைத் தொட்டு நிற்கிறது. கடல் மேலிருந்து கொட்டியபோது கிணறுகள் உப்பாலும் சேற்றாலும் மலக்குழிகளின் கழிவாலும் நிறைந்தன. இறைத்துவிட்டால் சரியாகும் என்று எல்லோரும் எண்ணினர். இயந்திரங்கள் வந்தன, இரவு பகலாக இறைத்தனர். பல இடங்களில் அதுவே தீங்காயிற்று. மேலிருந்த நன்னீர் போனதும் அடியிலிருந்த உப்புநீர் மேலேறியது. சில கிணறுகளின் சுவர்களும் சரிந்தன. ஒருமுறை சேற்றை அகற்றுங்கள், கிருமி நீக்குங்கள், பின்னர் மழைக்கு விடுங்கள், மீண்டும் மீண்டும் இறைக்காதீர்கள் என்று 2005இன் தொடக்கத்தில் நீரியல் வல்லுநர்கள் அறிவுறுத்தினர். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பு போகாது. மட்டக்களப்புப் பகுதியில் கிணறுகள் பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டுக்கும் மேலாயிற்று. அதுவரை பவுசர் வண்டியின் பின்னே குடத்தோடு வரிசை நின்றவர்கள் பெரும்பாலும் நம் தாய்மாரும் சிறுமியருமே.

கவனமும் உழைப்பும் நீரின் மீது செல்லவேண்டிய முதல் நாள்களில், அவற்றில் பெரும்பகுதி இறந்தோரை அவசரமாக மறைப்பதில் கழிந்தது. இந்தப் பழைய பிழைக்குக் கொடுத்த விலை இரண்டு பக்கமும் விழுந்தது.

மார்க்கம் இத்தகைய நெருக்கடியை முன்னரே கண்டிருக்கிறது. ஹிஜ்ரி 3இல் உஹதில் எழுபது பேர் ஷஹீதாயினர். எஞ்சியவர்களோ காயமுற்றுக் களைத்திருந்தார்கள். குழியை அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, இருவர் மூவராக ஒரே கப்ரில் வைக்குமாறும், குர்ஆனை அதிகம் அறிந்தவரை முதலில் வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நெருக்கடியில் கப்ரு பொதுவாயிற்று. ஆயினும் எவர் எவர் என்ற அறிதல் கைவிடப்படவில்லை. யார் அதிகம் ஓதியவர் என்று விசாரித்தே இறக்கினார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை அவ்வாறு வேறொருவருடன் சேர்த்து அடக்கப்பட்டார். அதில் ஜாபிரின் மனம் அமைதி கொள்ளவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் தந்தையை எடுத்துத் தனிக் கப்ரில் அடக்கினார். சஹாபியின் உள்ளமே அத்தகையதாக இருந்ததென்றால், கல்முனையின் ஒரு மகனிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

ஃபிக்ஹ் சட்டமும் இறுக்கமானதன்று. குளிப்பாட்டினால் உடல் சிதையும் என்றால் தயம்மும் போதும். தொழாமல் அடக்கப்பட்டவருக்குக் கப்ரருகே தொழலாம். நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் மறைவான ஜனாஸாவுக்கும் தொழுகை உண்டு. ஆனால் அடையாளமே அழிந்துவிட்டால் பின்வரும் சிக்கல்களுக்கு எளிய வழியில்லை. கணவர் மௌத்தானாரா, காணாமற் போனாரா? மனைவியின் இத்தா எந்நாளில் தொடங்குகிறது? வாரிசுப் பங்கை எப்போது பிரிப்பது? இலங்கை அரசு 2005இல் தனிச்சட்டம் இயற்றிக் காணாமற் போனோரின் இறப்பைப் பதிய வழி செய்தது. காகிதம் கிடைத்தது. ஆனால் கதவு தட்டப்படும் ஓசைக்குக் காத்திருந்த மனைவியருக்கும் அன்னையருக்கும் அக்காகிதம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்! பேரிடருக்குப் பிந்தைய மனநோயும் உடல்நலக் கேடே என்று மருத்துவம் இப்போது ஒப்புக்கொள்கிறது.

கடல்கோளின் படிப்பினையைக் கொண்டு 2006இல் உலக சுகாதார அமைப்பும் செஞ்சிலுவை இயக்கமும் பிறரும் சேர்ந்து ஒரு களக் கையேட்டை வெளியிட்டன. அதன் அறிவுரைகள் நம் மையவாடிப் பணியாளர்களுக்குப் புதியனவல்ல. ஒவ்வோர் உடலுக்கும் எண் இடுக, படமெடுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் வரிசையில் தனித்தனியே வைக்க. குழி ஒன்றரை மீட்டராவது ஆழம், நீர்நிலையிலிருந்து 200 மீட்டராவது தொலைவு. சுண்ணாம்பு தூவுவதாலும் மருந்து தெளிப்பதாலும் பயனில்லை. அவசர எரியூட்டலும் அடையாளமற்ற பெருங்குழியும் வேண்டா.

இதெல்லாம் எழுதப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் கொரோனா வந்தது. இறந்தவரை அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம், குடும்பத்தின் விருப்பத்தையும் பண்பாட்டையும் மதியுங்கள் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார அமைப்பு வழிகாட்டியது. உலகின் பெரும்பாலான நாடுகளில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் இலங்கையில் 2020 ஏப்ரல் 11 அன்று வெளியான வர்த்தமானி அறிவித்தல் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மேல்மட்டத்தில் இருக்கிறது, கிருமி நீரில் கலந்துவிடும் என்று காரணம் கூறினர். 2004இல் காற்றின் மீதிருந்த பயம் 2020இல் நீரின் மீது ஏறியது. சுவாசத்தில் பரவும் கிருமி கப்ரிலிருந்து ஊறிக் கிணற்றை அடையும் என்பதற்குச் சான்று எதையும் எவரும் காட்டவில்லை.

உயர்நீதிமன்றத்துக்குச் சென்ற மனுக்கள் 2020 டிசம்பர் 1 அன்று தள்ளுபடியாயின. அதே மாதம் பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் பாலகனின் ஜனாஸா எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற்கம்பிகளில் முஸ்லிம்களும் அல்லாதவர்களும் கஃபனை நினைவூட்டும் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினர். கட்டியவை அகற்றப்பட்டன, மீண்டும் கட்டினர். 2021 தொடக்கத்தில் நாட்டின் மருத்துவச் சங்கமே அடக்கம் செய்யலாம் என்று கருத்துரைத்தது. பிப்ரவரி 25 அன்று அறிவித்தல் திருத்தப்பட்டது. மார்ச் 5 அன்று ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கொழும்பிலோ கண்டியிலோ இறந்தவரும் அந்தத் தொலைவைக் கடந்தே வரவேண்டியிருந்தது. ஓராண்டுக் காலத்தில் அங்கே அடக்கப்பட்டோர் 3,600ஐத் தாண்டினர். அவர்களுள் பிற சமயத்தவரும் உண்டு. அந்த மையவாடிக்கு நிலம் தந்தவர்களும், நோன்பு வைத்துக்கொண்டு கவச உடையில் குழி தோண்டிய இளைஞர்களும் தங்கள் கூலியை அல்லாஹ்விடம் பெற்றுக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் மேற்கொண்ட ஆய்வு, அடக்கம் செய்வதால் தீங்கில்லை என்று காட்டியதையும் அம்முடிவு குறிப்பிட்டது. அதற்குள் எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 270க்கும் மேல். அவர்களின் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ஸியாரத் செய்யச் செல்ல ஒரு கப்ரு இல்லை. வீட்டிலிருந்தே யாசீன் ஓதுகின்றனர்.